மீண்டும் கிடைத்த சன்னது

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் நிலத்தைச் சித்திரைத் திங்களில் முதன்முதலாகக் காணும் ஒருவர், அது பயனற்றுப்போன மண் என்றே எண்ணுவார். கண்ணுக்கெட்டிய தொலைவுவரை மண் கருகிக் கிடக்கும். கால் நுழையுமளவிற்கு வெடிப்புகள் ஓடியிருக்கும். வேலிக்கருவையன்றிப் பசுமை என்று சொல்ல வேறொன்றும் இராது. ஆனால், அந்நிலத்து உழவர் அதனைப் பாழ் என்று கருதுவதில்லை. ஐப்பசியில் மழை இறங்கியதும் வெடிப்புகள் தாமே மூடிக்கொள்ளும். மண் நீரைப் பருகித் தன்னகத்தே தேக்கிவைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தைக் கொண்டே பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் விளைந்து வீடு வந்து சேரும். கோடையிற் கண்ட தோற்றத்தையே நம்பி நிலத்தைக் கைவிட்டவன் தையில் வரும் விளைவை இழப்பான்.

மனித வாழ்விலும் இத்தகைய கோடை உண்டு. நீதிமன்றத்தால் தண்டிக்கப்பெற்றுச் சிறைக்குச் சென்று மீண்டவர் வாழ்வு அத்தகையது. நீதிமன்றம் விதிக்கும் தண்டனைக்கு நாட்கணக்கு உண்டு; ஊரார் விதிக்கும் தண்டனைக்கு அது இல்லை. சிறைக்கதவு திறந்தபின் வேலைக்கதவு மூடிக்கொள்கிறது. கல்விக்கதவும் சில வேளைகளில் மூடிக்கொள்கிறது. "இவன் சிறை சென்றவன்" என்னும் ஒரு சொல்லே அவனுடைய அறிவையும் உழைப்பையும் மறைக்கப் போதுமானதாகிவிடுகிறது.

இந்நிலை எத்துணைக் கொடியது என்பதையும், அதனைக் கடத்தல் இயலும் என்பதையும் கரிசல் நாட்டிலேயே பிறந்து, கோவில்பட்டி நீதிமன்றத்தில் வழக்காடிய ஒரு பெரியாரின் வாழ்க்கை விளக்கும். அவரே வ. உ. சிதம்பரனார். அவர் கப்பலோட்டிய வரலாற்றையும் செக்கிழுத்த துன்பத்தையும் அறியாதார் தமிழ்நாட்டில் இலர். சிறையினின்று மீண்டபின் பிழைப்பின்பொருட்டு அவர் பட்ட பாட்டை அறிந்தவரோ சிலரே.

சிதம்பரனார் 1872-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5-ஆம் நாள், கோவில்பட்டிக்குத் தென்கிழக்கே உள்ள ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தையார் உலகநாதபிள்ளை, தாயார் பரமாயி அம்மாள். தந்தையார் வழக்கறிஞர். மைந்தரும் அத்தொழிலையே மேற்கொண்டு 1894-ஆம் ஆண்டில் வழக்கறிஞர் தேர்வில் வெற்றி பெற்று, ஒட்டப்பிடாரத்தில் தொழில் தொடங்கினார். 1900-ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்குக் குடியேறினார். ஏழைகளுக்குப் பொருள் பெறாமலே வழக்காடுவார். உரிமையியல், குற்றவியல் ஆகிய இருவகை வழக்குகளிலும் அவருக்குப் புகழ் உண்டாயிற்று. வழக்காடும் தொழிலே அவர் குடும்பத்தின் ஊன்றுகோல். அதுவே அவர் ஊருக்கு உதவிய கருவியும் ஆகும்.

பின்னர் அவர் நாட்டுத் தொண்டில் இறங்கினார். 1906-ஆம் ஆண்டு அக்டோபரில் சுதேசிக் கப்பற் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. பத்து இலட்ச ரூபாய் மூலதனம், இருபத்தைந்து ரூபாய் வீதம் நாற்பதினாயிரம் பங்குகள் எனத் திட்டமிடப்பட்டது. அடுத்த ஆண்டில் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே ஓடின. 1908-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்திற்கு அவர் துணைநின்றார். ஆங்கில அரசினர் மார்ச்சு 12-ஆம் நாள் அவரைச் சிறைப்படுத்தினர். சூலை 7-ஆம் நாள் நீதிபதி பின்ஹே அவருக்கு இரண்டு ஆயுள் தண்டனைகள், அஃதாவது நாற்பது ஆண்டுகள், விதித்தார். அச்செய்தி கேட்டுத் தம்பியார் மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். அக்கலக்கம் பின்னர் நீங்கவேயில்லை. மேல்முறையீட்டில் தண்டனை ஆறாண்டாகக் குறைக்கப்பெற்றது.

கோயமுத்தூர்ச் சிறையில் அவரைச் சணல் கிழிக்கும் இயந்திரத்தைச் சுற்ற வைத்தனர். கைத்தோல் உரிந்து குருதி கசியவே, மாடு இழுக்கும் செக்கினை இழுக்க வைத்தனர். 1910-ஆம் ஆண்டின் முடிவில் அவர் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டார். இத்துன்பங்களுக்கிடையிலும் அவர் நூலைக் கைவிடவில்லை. ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில ஆசிரியரின் நூலொன்றை 'மனம் போல வாழ்வு' என்னும் பெயரால் தமிழாக்கினார். தமிழ் இலக்கண இலக்கியங்களைப் பயின்றார். உடனிருந்த கைதிகளுக்கு அறநெறிகளை எடுத்துரைத்தார். சிறையிலும் அவர் மாணவராகவும் ஆசிரியராகவும் விளங்கினார் என்பது கருதத்தக்கது.

1912-ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் விடுதலை பெற்றார். அவர் சிறைப்பட்ட மறுநாளில் திருநெல்வேலி நகரமே கொதித்தெழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். அவர் விடுதலை பெற்ற நாளிலோ வரவேற்கப் பெருங்கூட்டம் வரவில்லை. தம்மோடு தண்டிக்கப்பெற்றுச் சிறையிலே தொழுநோய்க்கு ஆளாகி முன்னரே வெளிவந்திருந்த சுப்பிரமணிய சிவாவும் வேறு சிலருமே வந்திருந்தனர். நாலரை ஆண்டில் நாடு அவரை ஏறக்குறைய மறந்துவிட்டது.

வெளியே வந்த சிதம்பரனார் தாம் இழந்தவற்றைக் கணக்கிட்டார். கப்பற் கம்பெனி 1911-ஆம் ஆண்டிலேயே கலைக்கப்பட்டுவிட்டது. கைப்பொருள் வழக்கிலும் குடும்பச் செலவிலும் கரைந்துவிட்டது. இவற்றினும் பெரிய இழப்பு ஒன்று இருந்தது. அதுவே அவருடைய சன்னது.

சன்னது என்பது வழக்கறிஞர் தொழில் நடத்துவதற்கு அந்நாளில் உயர்நீதிமன்றம் வழங்கிய உரிமைப் பத்திரம். அஃது இல்லாதவர் எவ்வளவு சட்டம் கற்றிருப்பினும் நீதிமன்றத்தில் எழுந்து நின்று ஒரு சொல்லும் பேசுதல் இயலாது. குற்றவாளி எனத் தீர்ப்புப் பெற்ற வழக்கறிஞரின் சன்னதைப் பறிக்கும் அதிகாரம் அக்காலச் சட்டத்தில் இருந்தது. அவ்வாறே சிதம்பரனாரின் சன்னது பறிக்கப்பட்டது. சிறைத்தண்டனை ஆறாண்டு என்று எழுதிய நீதிமன்றம், தொழிலிழப்பு எத்துணை ஆண்டு என்று எழுதவில்லை. ஆகவே சிறை நீங்கியும் தண்டனை நீங்கவில்லை. அவர் கற்ற சட்டம் அவர் நெஞ்சில் அப்படியே இருந்தது. அதனைக் கொண்டு ஒரு வேளை உணவு ஈட்டவும் வழியில்லை.

பிறந்த சீமையில் வாழ இயலாத நிலையில் அவர் மனைவியார் மீனாட்சி அம்மாளுடனும் மக்களுடனும் சென்னையில் குடியேறினார். மளிகைக் கடை வைத்தார். மண்ணெண்ணெய்க் கடையும் வைத்தார். பிறர்க்குக் கொடுத்தே பழகிய கைக்கு வாணிகம் பொருந்தவில்லை. இலட்சக்கணக்கான ரூபாய் மூலதனத்தை நிருவகித்தவர் அன்றாடச் செலவிற்கு நண்பர்களுக்குக் கடிதம் எழுத நேர்ந்தது. தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த தமிழர், அவருக்கென்று திரட்டிய தொகையொன்றைக் காந்தியடிகளிடம் அளித்திருந்தனர். அடிகள் இந்தியா திரும்பியபின் அதுபற்றி 1915, 1916-ஆம் ஆண்டுகளில் இருவர்க்குமிடையே கடிதங்கள் நடந்தன. முந்நூறு ரூபாய்க்குச் சற்று மேற்பட்ட அத்தொகைக்காக அவர் பல திங்கள் காத்திருந்தார். கப்பல் வாங்கப் பொருள் திரட்டியவர்க்கு அச்சிறு தொகையும் பெருந்துணையாக இருந்தது என்றால், அவர் வறுமையின் ஆழத்தை வேறு சொல்லால் விளக்க வேண்டுவதில்லை. பின்னர் அவர் கோயமுத்தூர் சென்று வங்கி ஒன்றில் பணியாற்றினார். அவ்வருவாயும் குடும்பத்திற்குப் போதவில்லை.

இவ்விடத்தில் மாணவர்கள் கருதவேண்டியது ஒன்றுண்டு. தொழிற்கதவு மூடப்பட்டிருந்த அந்த ஆண்டுகளில் அவர் சோர்ந்து கிடக்கவில்லை. 1914-ஆம் ஆண்டில் 'மெய்யறம்', 'அகமே புறம்' ஆகிய நூல்களும், 1915-ஆம் ஆண்டில் 'மெய்யறிவு' என்னும் நூலும் வெளிவந்தன. சென்னையில் தொழிலாளர் சங்கப் பணிகளில் ஈடுபட்டார். தொல்காப்பியத்திற்கு இளம்பூரணர் வரைந்த உரையைப் பதிப்பிக்கும் பெரும்பணியிலும் முனைந்தார். உலகம் அவருக்கு வேலை கொடுக்க மறுத்தது. அவர் தமக்குத் தாமே வேலை கொடுத்துக்கொண்டார். பின்னாளில் கதவு திறந்தபோது, உள்ளே புகுவதற்கு வேண்டிய வலிமை அவரிடம் எஞ்சியிருந்ததற்கு இதுவே காரணம்.

இறுதியில் அவர், தம் சன்னதைத் திருப்பித் தருமாறு உயர்நீதிமன்றத்தை வேண்டினார். அந்நாளில் அங்கு நீதிபதியாக இருந்தவருள் ஈ. எச். வாலஸ் என்பவர் ஒருவர். அவர் முன்னர்த் திருநெல்வேலிச் சீமையில் அதிகாரியாக இருந்தவர். சிதம்பரனாரின் பண்பையும் திறமையையும் அறிந்தவர். ஆங்கில ஆட்சியை எதிர்த்துத் தண்டனை பெற்ற ஒருவர்க்காக ஆங்கிலேயர் ஒருவர் பரிந்து நிற்றல் எளிதன்று. எனினும் வாலஸ், பழைய வழக்கின் ஏட்டை மட்டும் பார்க்கவில்லை. எதிரே நின்ற மனிதரையும் பார்த்தார். அவர் துணையால் சன்னது மீண்டும் கிடைத்தது.

சிதம்பரனார் அந்நன்றியை மறக்கவில்லை. தமக்குப் பிறந்த ஆண்மகவுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆங்கிலேயர் ஆட்சியை எதிர்த்து நாற்பதாண்டுத் தண்டனை கேட்டும் கலங்காதவர், ஆங்கிலேயர் ஒருவர் செய்த நன்றியைத் தம் குடும்பத்திலேயே நிலைபெறச் செய்தார். ஆட்சியோடு மாறுபடுதல் வேறு. மனிதரின் நற்செயலைப் போற்றுதல் வேறு. இவ்விரண்டையும் பகுத்துணர்ந்த பெருந்தன்மை அவரிடம் இருந்தது.

சன்னது பெற்றதும் அவர் தொழில் நடத்தத் தேர்ந்த இடம் கோவில்பட்டி. அது பருத்தி வாணிகமும் இருப்புப்பாதையும் உடைய ஊர். ஒட்டப்பிடாரத்திற்கும் எட்டயபுரத்திற்கும் அண்மையிலுள்ள ஊர். மானாவாரி நிலத்தை நம்பி வாழும் மக்களுக்கு மழை பொய்த்தால் கடன் வளரும். கடன் வளர்ந்தால் வழக்கு வளரும். வரப்புத் தகராறும் பங்காளிப் பிணக்கும் கடன் பத்திரமும் கொண்டு நீதிமன்ற வாயிலில் காத்திருக்கும் சிற்றூர் மக்களுக்குச் சட்டம் அறிந்த ஒருவர் துணை வேண்டியிருந்தது. ஒருகாலத்தில் கைதிக் கூண்டில் நின்றவர், இப்பொழுது கறுப்பு அங்கி அணிந்து அவர்கள் பக்கத்தில் நின்றார். குற்றம் சாட்டப்பட்டு நிற்பவன் மனம் எவ்வாறு நடுங்கும் என்பதை அவர் நூலிற் படித்து அறிந்தவர் அல்லர், நின்று அறிந்தவர்.

கோவில்பட்டியில் வாழ்ந்த நாளில் அவர் பொதுவாழ்விலும் மீண்டும் அடியெடுத்து வைத்தார். 1920-ஆம் ஆண்டில் கொள்கை வேறுபாட்டால் காங்கிரசினின்று விலகியிருந்தவர், 1927-ஆம் ஆண்டில் மீண்டும் அதில் சேர்ந்து, சேலத்தில் கூடிய அரசியல் மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். 1932-ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்குச் சென்றார். தாம் வரைந்த திருக்குறள் அறத்துப்பால் உரையை 1935-ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

எனினும், சன்னது கிடைத்தமையால் எல்லாம் கிடைத்துவிட்டன என்று கூறுதல் உண்மையாகாது. தொழில் தளிர்க்கும் பருவத்தில் அறுபட்ட ஆண்டுகள் மீளவில்லை. வறுமையும் அவரை விட்டு முற்றும் நீங்கவில்லை. 1936-ஆம் ஆண்டில் அவர் எழுதிய உயிலில், தாம் பிறர்க்குக் கொடுக்கவேண்டிய கடன்களை ஒன்றுவிடாமல் குறித்திருந்தார். அவ்வாண்டு நவம்பர் 18-ஆம் நாள் தூத்துக்குடியில் உயிர் நீத்தார். மூடிய கதவு காலந்தாழ்ந்து திறக்குமாயின், திறந்தபின்னும் இழப்பு எஞ்சி நிற்கும் என்பதற்கு அந்த உயிலே சான்று.

"சிதம்பரனார் செய்தது குற்றமன்று, நாட்டுத் தொண்டு. திருடியவரையும் அடிதடியில் இறங்கியவரையும் அவரோடு சேர்த்துப் பேசலாமோ?" என்று சிலர் வினவலாம். அவ்வினா நியாயமானதே. சிதம்பரனாரின் செயலும் பொதுவான குற்றமும் ஒன்றாகா. ஆயினும், தண்டனை பெற்றவரின் பெயர் எழுதப்படும் ஏடு ஒன்றே. அந்த ஏட்டில் பெயர் ஏறியபின் வேலை மறுக்கப்படும் முறையும் ஒன்றே. மாசற்ற தியாகியும், சட்டம் கற்ற அறிஞரும், நாடெங்கும் நண்பர்களை உடையவருமான அவருக்கே அக்கதவைத் திறக்கப் பல ஆண்டுகள் ஆயின என்றால், கல்வியும் துணையும் இல்லாத எளியவன் ஒருவன் என் செய்வான் என்பதையே நாம் எண்ணுதல் வேண்டும்.

பாளையங்கோட்டை மத்தியச் சிறையிலிருந்து விடுதலை பெற்றுக் கரிசற்காட்டுச் சிற்றூருக்குத் திரும்பும் இளைஞன் ஒருவனைக் கற்பனை செய்து பார்ப்போம். கோபத்தின் வயப்பட்டு அரிவாள் எடுத்தவன். தண்டனையை முற்றும் கழித்தவன். ஊரில் நிலம் விற்றுப் போயிற்று. தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை கேட்கிறான், "உனக்கு யார் பிணை?" என்கின்றனர். நூற்பாலைக்குச் செல்கிறான், காவல்துறைச் சான்று கேட்கின்றனர். பட்டணம் சென்று வாடகைக்கு வீடு தேடுகிறான். பின்னணி அறிந்ததும் திண்ணையிலிருந்தே அனுப்பிவிடுகின்றனர். தங்கைக்கு வரும் வரன்கூடத் தட்டிப்போகிறது. இந்நிலையில் அவனை அன்போடு அழைப்பவர் யாவர்? சிறையிற் பழகிய தீய நண்பர் சிலரே. நேர்வழி அனைத்தையும் அடைத்துவிட்டு, அவன் குறுக்குவழியிற் சென்றான் என்று பின்னர்க் குறைகூறுதல் அறிவுடைமையாகுமா? அவனுக்கு வேலை மறுத்தமையால் ஊருக்குப் பாதுகாப்பு வளரவில்லை, அச்சமே வளர்ந்தது.

குற்றமே செய்யாதவரையும் இப்பழி சுட்டதுண்டு. 1871-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்திற்கும் விரிவாக்கப்பட்டது. குறிப்பிட்ட சில சாதிகளில் பிறந்தமையே குற்றத்திற்கு அடையாளம் என்று அச்சட்டம் கொண்டது. ஆடவர் கைரேகை பதிக்கவும், காவல்நிலையத்தில் தம்மை ஒப்புவிக்கவும் வேண்டியவராயினர். வெளியூரில் வேலை தேடிச் செல்வதற்கும் அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. 1920-ஆம் ஆண்டு ஏப்பிரல் 3-ஆம் நாள் உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் இதனை எதிர்த்த மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்து, பலர் உயிர் துறந்தனர். சென்னை மாகாணத்தில் 1947-ஆம் ஆண்டிலும், நாடு முழுவதும் 1952-ஆம் ஆண்டிலும் அச்சட்டம் நீக்கப்பட்டது. சட்டம் நீங்கியது, அச்சட்டம் ஒட்டிய பெயர் மக்கள் மனத்தினின்று நீங்க நெடுங்காலமாயிற்று. சீர்மரபினர் எனப்படும் அம்மக்களின் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்று கற்றுப் பதவிகளில் அமர்ந்தே அப்பழியைத் துடைத்தனர்.

விடுதலை நாட்டின் சட்டம் இத்துறையில் சிறிது சிறிதாக இரக்கம் கற்று வந்துள்ளது. 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம், குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் எச்சரித்தோ நன்னடத்தைப் பிணை பெற்றோ விடுவிக்க இடம் தருகிறது; அவ்வாறு விடுவிக்கப்பட்டவர்க்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு இல்லை என்றும் கூறுகிறது. வழக்கறிஞர் தொழிலைப் பற்றிய சட்டமும் மாறியுள்ளது. ஒழுக்கக்கேடான குற்றத்திற்குத் தண்டனை பெற்றவர் வழக்கறிஞராகப் பதிவு பெறுதல் இயலாது. ஆனால், விடுதலையாகி இரண்டாண்டுகள் கழிந்தபின் அத்தடை நீங்கும் என்று 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டத்தில் பின்னர் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. சிதம்பரனார் காலத்தில் எல்லையற்று இருந்த தடைக்கு இன்று எல்லை வகுக்கப்பட்டுள்ளது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், அறியாப் பருவத்தில் குற்றம் புரிந்த சிறார்க்குப் பொதுவாகப் பிற்காலத்தில் தகுதியிழப்பு நேரலாகாது என்கிறது. சில கொடுங்குற்றங்கள் நீங்கலாக, அவர்தம் வழக்கேடுகளையும் உரிய காலத்திற்குப்பின் அழித்துவிடுமாறு அது பணிக்கிறது.

வேலைக்கு விண்ணப்பிப்போர் கடைப்பிடிக்க வேண்டிய நெறியொன்றை உச்சநீதிமன்றம் 2016-ஆம் ஆண்டில் ஒரு தீர்ப்பில் தெளிவாக்கியது. விண்ணப்பப் படிவத்தில் வழக்கு, தண்டனை பற்றிய வினா இருப்பின் உண்மையையே எழுதுதல் வேண்டும், மறைத்தல் தவறு. அதேபோல, வேலை தருவோரும் கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்தல் கூடாது. குற்றத்தின் தன்மை, செய்தவரின் வயது, மேற்கொள்ளும் பணியின் இயல்பு ஆகியவற்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இளமையில் முழக்கமிட்டமை போன்ற சிறு பிழையைப் பொறுத்துக்கொள்ளவும் செய்யலாம். மேனாட்டிலும் இவ்வெண்ணம் வளர்ந்து வருகிறது. இங்கிலாந்தில் 1974-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமொன்று, மிகக் கொடிய தண்டனைகள் நீங்கலாக, குறித்த காலம் நன்னடத்தையோடு வாழ்ந்தவரின் பழைய தண்டனை கழிந்ததாகவே கருதப்படும் என்று வகுத்தது.

சட்டம் கதவைத் திறக்கலாம். உள்ளே நடந்து செல்லக் கால் வேண்டும். அந்தக் காலே கல்வி. இன்று தமிழ்நாட்டுச் சிறைகளில் எழுத்தறியாதவர் எழுத்துக் கற்கின்றனர். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளைக் கைதிகள் எழுதித் தேறுகின்றனர். திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களின் வழியே பட்டம் பெறுவோரும் உளர். நெசவு, தையல், அச்சு, தச்சு, உணவுப்பொருள் ஆக்கம் முதலிய தொழில்கள் கற்பிக்கப்படுகின்றன. சிறைத்துறை நடத்தும் எரிபொருள் நிலையங்களில் கைதிகள் நின்று, கணக்குத் தவறாமல் பணம் வாங்கிப் பணிபுரிவதைப் பொதுமக்கள் காண்கின்றனர். நம்பினால் நம்பிக்கைக்கு உரியவராக நடப்பர் என்பதற்கு இஃது எளிய எடுத்துக்காட்டு.

இதனால், எவரையும் எப்பணியிலும் ஆராயாமல் அமர்த்திவிடலாம் என்பது கருத்தன்று. பொதுப்பணத்தைக் கையாடியவரிடம் உடனே பெட்டிச் சாவியைக் கொடுத்தல் ஆகாது. சிறார்க்குத் தீங்கு செய்தவரைப் பள்ளியில் அமர்த்தலும் ஆகாது. குற்றத்தால் துன்புற்றவரின் கண்ணீரை மறந்து பேசும் இரக்கம் இரக்கமாகாது. ஆனால், செய்த குற்றத்திற்கும் கேட்கும் வேலைக்கும் தொடர்பே இல்லாதபோதும், ஆண்டுகள் பல நேர்மையாகக் கழிந்தபோதும், பழைய பழியைக் காட்டி மறுப்பது முறையன்று. ஆராய்ந்து மறுப்பது அறிவு. ஆராயாது மறுப்பது வெறுப்பு.

சிதம்பரனார் வரலாற்றில் மூன்று செய்திகள் விளங்குகின்றன. முதலாவது, வீழ்ந்தவர் தம் கல்வியையும் உழைப்பையும் கைவிடலாகாது; அவர் சிறையிலும் வறுமையிலும் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. இரண்டாவது, உரிமையை முறைப்படி கேட்டல் வேண்டும். அவர் நாணித் தலைமறைந்து வாழாமல் நீதிமன்றத்தை நாடினார். மூன்றாவது, அதிகாரத்தில் இருப்பவர் ஒருவரேனும் ஏட்டைக் கடந்து மனிதரைக் காணுதல் வேண்டும். ஒரு வாலஸ் இல்லையேல் கோவில்பட்டி வழக்கறிஞர் ஒருவர் இல்லை. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் கதவு திறப்பதில்லை.

இன்று தூத்துக்குடித் துறைமுகம் சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2011-ஆம் ஆண்டில் அப்பெயர் சூட்டப்பட்டது. கோவில்பட்டியிலும் அவர் பெயரால் அரசுப் பள்ளி உண்டு. அப்பள்ளியில் மணியடித்ததும் வகுப்பிற்குள் நுழையும் மாணவர் கூட்டத்தில், சிறை சென்று மீண்டவரின் மகனும் ஒருநாள் இருத்தல் கூடும். அவனருகே அமர மறுக்கும் மாணவன், சிதம்பரனாரின் பெயரைச் சுவரிலே வைத்துவிட்டு அவர் வாழ்வு கற்பித்த பாடத்தை வாயிலிலே விட்டுவருகிறான். அவனைத் தம் பலகையில் சற்றே நகர்ந்து இடங்கொடுத்து அமரச் செய்யும் மாணவனோ, ஐப்பசி மழைக்காகக் கரிசலை உழுது காத்திருக்கும் உழவனை ஒப்பான்.

பயிற்சி

1. கரிசல் நிலத்தின் கோடைத் தோற்றம் பாடத்தின் தொடக்கத்தில் எதற்கு உவமையாகக் கூறப்பட்டுள்ளது?
2. சன்னது என்பது யாது? சிதம்பரனார் அதனை இழந்ததால் நேர்ந்த இன்னல்கள் யாவை?
3. வாலேசுவரன் என்னும் பெயர் சிதம்பரனாரின் எப்பண்பைக் காட்டுகிறது?
4. "சிறை நீங்கியும் தண்டனை நீங்கவில்லை." இடஞ்சுட்டி விளக்குக.
5. வேலைக்கு விண்ணப்பிப்போரும் வேலை தருவோரும் கடைப்பிடிக்க வேண்டியன யாவை?
6. "ஆராய்ந்து மறுப்பது அறிவு, ஆராயாது மறுப்பது வெறுப்பு." இக்கருத்தைத் தக்க எடுத்துக்காட்டுகளுடன் ஒரு பக்க அளவில் எழுதுக.